தார்த்தாளும் மெத்தை ஸ்பொஞ்சும்: அப்பாவின் மைனருக்கு நான் செய்த அநியாயம்

அப்பாவின் மொறிஸ் மைனருக்குள் சத்தத்தையும் சூட்டையும் குறைக்க வேண்டும் என்று 2023 தை மாதம் வேலையைத் தொடங்கினேன். முடிந்தது 2024 ஆடியில். நடுவில் ஒருமுறை எல்லாம் ஒட்டி முடித்து, அதை முழுவதும் பிய்த்தெறிந்து, தரைத்தகட்டை வெட்டி ஒட்டி, திரும்பவும் முதலில் இருந்து செய்தேன். கொப்பியில் எழுதி வைத்த கணக்குப்படி 267,000 ரூபா போயிருக்கிறது. அதில் 113,000 தண்டச் செலவு. கொழும்புக்குப் போய்வந்த செலவும் என் கூலியும் அதில் இல்லை. மனைவியிடம் வேறொரு கணக்கு இருக்கிறது, அது இதைவிடக் கூட. கிளிநொச்சியில் இதைப் பற்றிக் கேட்க எனக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை. கராச்சில் கேட்டால் "பழைய கார் எண்டா சத்தம் போடும்தானே" என்று சிரித்தார்கள். இணையத்தில் நான் பார்த்ததெல்லாம் குளிர் நாட்டுக்காரர் செய்தது. அவர்களுக்கு எங்கள் பங்குனி வெயிலும் தெரியாது, மார்கழி மழையும் தெரியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கார் 1958 ஆம் ஆண்டு மைனர் 1000. பெயரில் ஆயிரம் இருந்தாலும் எஞ்சின் 948 சிசிதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. அப்பா ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார். பின் சீற்றில் இருந்து நாங்கள் இருமிக்கொண்டு போவோம். 2006 ஆவணியில் போரால் வன்னிக்கான ஏ9 பாதை மூடியபோது கார் எஞ்சின் வேலைக்காக வவுனியாவில் மாமா வீட்டில் நின்றது. அதனால் தப்பியது. 2009 இல் போர் முடிந்த பிறகு எங்களுடையது என்று சொல்ல மிஞ்சியது அந்தக் காரும் அம்மா விடாமல் கொண்டுவந்த ஒரு பையும்தான். அதனால் இதை விற்றுவிட்டு ஒரு சின்ன யப்பான் கார் எடு என்று சொன்னவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை.

எஞ்சின், தகரவேலை, பெயின்ற் எல்லாம் 2022 முடிவதற்குள் வவுனியாவிலேயே செய்தாயிற்று. உள்வேலை மட்டும் மிச்சம். அதை நானே பார்க்கிறேன் என்றேன். இங்கேதான் முதல் பிழை. உள்வேலை என்றால் ஏதோ மெத்தை உறை தைப்பது போல என்று நினைத்தேன்.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரை கிட்டத்தட்ட 80 கிலோமீற்றரும் நானும் அம்மாவும் கத்திக் கத்தித்தான் கதைத்தோம். தரையில் வெறும் தகடு. 50 வரை பரவாயில்லை, 60 தாண்டினால் கால் வழியாக ஏறி பல்லில் வந்து நிற்கும் ஒரு இரைச்சல். அதோடு சூடு. இந்த எஞ்சினில் சைலன்சர் குழாய் இடப்பக்கத்தால் இறங்கிப் போகிறது. ஸ்ரேரிங் வலப்பக்கம் என்பதால் பக்கத்து சீற்றில் இருப்பவர் காலுக்குத்தான் அந்தச் சூடு. அம்மா மாங்குளம் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் இரண்டையும் மடக்கிச் சீற்றில் வைத்துக்கொண்டார். "உங்கட அப்பாவும் இப்பிடித்தான் என்னை அவிச்சவர்" என்றார்.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைக்கவே எரிச்சலாக இருக்கிறது. கார்களுக்கென்று விற்கும் பியூட்டைல் தாள் ஒன்று உண்டு. ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் ஒட்டும் றப்பர். அதன் விலையைக் கேட்டுவிட்டு, இது வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஹாட்வெயார் கடையில் கூரை ஒழுக்கு அடைக்கும் தார்த்தாள் இருந்தது. அதற்கும் மேலே அலுமினியம், கீழே கறுப்பு, அதுவும் ஒட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்று, விலை மூன்றில் ஒரு பங்கு. நான்கு றோல் வாங்கினேன். தரை, கதவு, பின்பெட்டி, பின் சீற்றுக்குப் பின்னால் என்று ஓர் அங்குலம் விடாமல் ஒட்டினேன். அதன் மேலே மெத்தைக் கடையில் வாங்கிய ஸ்பொஞ்ச், அதன் மேலே கார்ப்பட். மொத்தம் 54,000 ரூபா, ஐந்து வாரம். மாசி மாதக் கடைசியில் முடித்து, கதவைச் சாத்திப் பார்த்தேன். முன்பு தகரப் பேணி போல இருந்த சத்தம் இப்போது 'டப்' என்று கேட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் கதவைத் திறந்து சாத்திக் காட்டினேன்.

சித்திரையில் மணம் தொடங்கியது. புதிதாகத் தார் போட்ட றோட்டில் நடந்தால் வருமே, அதே மணம். வெயிலில் நிற்கும் காரின் தகட்டைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். அந்தச் சூட்டில் தார் இளகாமல் என்ன செய்யும்? கூரை ஒழுக்குக்குச் செய்த சாமான் கூரையில், மேல்பக்கம் பார்த்துக் கிடந்தால் இளகினாலும் அங்கேயே கிடக்கும். கதவில் நிறுத்தி ஒட்டினால் வழியும். ஒருநாள் மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஏற்றி வந்தேன். இறங்கும்போது பார்த்தால், வெள்ளைக் காலுறையில் கதவுப் பக்கமாக ஒரு கறுப்புக் கோடு. கதவின் உள்அட்டைக்கு அடியில் இருந்து தார் தேன் போலச் சொட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காலுறையை மனைவி இன்னும் எறியவில்லை. எனக்குப் பாடமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார் போல.

ஆகவே முதலாவது: கூரைத் தார்த்தாளை எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் காருக்குள் ஒட்டாதீர்கள். வாங்கும்போது சந்தேகம் என்றால் ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒரு தகரத்தில் ஒட்டி, அதை நிமிர்த்தி மத்தியானம் வெயிலில் இரண்டு நாள் வையுங்கள். பியூட்டைல் அப்படியே இருக்கும். தார் வழுக்கும், மணக்கும். வன்னியில் இந்தச் சோதனைக்கு அடுப்போ மெசினோ தேவையில்லை.

தார் மணத்தோடு கோடையைக் கடத்தினேன். ஐப்பசியில் மழை தொடங்கியது. எங்களுக்கு மழை என்றால் அதுதான், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. காரைத் தறப்பாளால் மூடி வைத்தேன், ஓடும்போது மூட முடியாதே. கார்த்திகையில் ஒருநாள் பக்கத்து சீற்றில் இருந்த மனைவி, "இஞ்சருங்கோ, கால் ஈரமாக் கிடக்கு" என்றார். கார்ப்பட்டைத் தொட்டேன், சும்மா ஈரம்தான். அழுத்தினேன். விரல் இடுக்கால் தண்ணீர் வந்தது. மெத்தை ஸ்பொஞ்ச் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இரண்டு கிழமையாக அங்கே கிடந்திருக்கிறது. சீற்றைக் கழற்றிப் பார்த்தபோது அதன் அடியில், கார்ப்பட் ஓரத்தில், வெள்ளையாக மூன்று காளான். மகள் படம் எடுத்தாள். நான் கதிரையில் போய் இருந்துவிட்டேன்.

ஸ்பொஞ்ச் இரண்டு வகை. மெத்தையில் உள்ளது போல வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் போகும் வகை, அது தண்ணீரைக் குடிக்கும். மற்றது மூடிய குமிழ் உள்ளது, குளிரூட்டிக் குழாய்க்குக் கறுப்பாகச் சுற்றியிருப்பார்களே, அந்த இனம். அதை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க அமுக்கி வைத்து எடுத்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். காருக்குள் போட வேண்டியது அதுதான். இதைச் சொல்லித் தர ஓர் ஆள் இருந்திருந்தால் என் காரின் தரை பிழைத்திருக்கும்.

ஆனால் தண்ணீர் எங்கால் வந்தது? தரையில் ஓட்டை என்று நினைத்தேன். இல்லை. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர் காய்ந்து வெடித்திருந்தது. மழை அதற்குள்ளால் இறங்கி, டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வழிந்து, கார்ப்பட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. முன்பு வெறும் தகடாக இருந்தபோதும் வந்திருக்கும். அப்போது தரையில் உள்ள வடிகால் துளைகளால் ஓடிப்போயிருக்கும். அந்தத் துளைகளையும் நான் தார்த்தாள் ஒட்டி அடைத்துவிட்டேன். கதவின் அடிப்பக்கத் துளைகளையும் விடவில்லை. கதவு ஒன்றை ஆட்டினால் உள்ளே குடத்தில் தண்ணீர் குலுங்குவது போலக் கேட்டது.

இதற்கிடையில் நடந்ததுதான் பெரிய விஷயம். காளான் கண்ட பிறகும், மழை முடியட்டும் என்று காரை ஓடிக்கொண்டுதான் இருந்தேன். மார்கழியில் ஒரு கலியாணத்துக்காக அம்மாவை ஏற்றிக்கொண்டு வவுனியா புறப்பட்டேன். முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனம் உண்டா? தேங்காய் உடைக்க வேண்டும், கச்சான் வாங்க வேண்டும். வேகத்தைக் குறைக்கப் பிறேக்கில் காலை வைத்தேன். மிதி பஞ்சுக்குள் போவது போலத் தரைவரை போனது. திரும்ப மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது, பிறகு அதுவும் இல்லை. இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் ஒரே பிறேக் வழிதான், போனால் எல்லாம் போகும். கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை இழுத்து, கோயிலைத் தாண்டி ஒரு கச்சான் கொட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "ஏன் இவ்வளவு தள்ளி நிப்பாட்டினனி?" என்று கேட்டார். என் முழங்கால் நடுங்கியதை மறைக்க நான் உடனே இறங்கவில்லை.

காரணம் இதுதான். மைனரில் பிறேக் எண்ணெய் விடும் மாஸ்டர் சிலிண்டர் எஞ்சினுக்குப் பக்கத்தில் இல்லை. சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, தரையோடு சேர்ந்த பெட்டித் தகட்டுக்குள் இருக்கிறது. தரையில் ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றித்தான் எண்ணெய் பார்க்க வேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. தார்த்தாள் ஒட்டும்போது அந்த மூடிக்கு மேலாக ஒட்டிவிட்டு, பிறகு வெட்டலாம் என்று சோக்கட்டியால் ஒரு வட்டம்கூட வரைந்தேன். அடுத்த நாள் துடைத்துச் சுத்தம் பண்ணியபோது வட்டமும் போனது, என் ஞாபகமும் போனது. பத்து மாதம் ஒருநாளும் எண்ணெய் பார்க்கவில்லை. சிலிண்டரின் வாஷர் மெதுவாகக் கசிந்து, எண்ணெய் முழுவதும் இறங்கிவிட்டது.

கச்சான் விற்ற ஐயாவிடம் கத்தி வாங்கிக் கார்ப்பட்டையும் ஸ்பொஞ்சையும் தார்த்தாளையும் அந்த இடத்திலேயே வெட்டினேன். மூடியைத் திறந்து ரோச் அடித்துப் பார்த்தால் உள்ளே காய்ந்து கிடந்தது. கத்தி முழுக்கத் தார். பெரிய ஆள் ஒருத்தரிடம் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை தம்பி, பிள்ளையார் உங்களை நிப்பாட்டிப்போட்டார்" என்றார். எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொண்டு ஓட்டலாம் என்று ஒருத்தர் சொன்னார். கசிகிற பிறேக்கோடு அம்மாவை ஏற்றிக்கொண்டு எங்கே போவது? அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காரை லான்ட்மாஸ்ரரில், அந்த இருசில்லு உழவு மெசினில், கட்டி இழுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குத் திரும்பினேன். கலியாணத்துக்கு நான் போகவில்லை.

பழைய கார் எது என்றாலும் சரி, ஒரு தாள் ஒட்டுவதற்கு முன்னால் வெறும் தகட்டைப் பல பக்கத்தால் படம் எடுத்து வையுங்கள். எந்த மூடி எங்கே, எந்த ஆணி எதைப் பிடித்திருக்கிறது, எந்தத் துளை வடிகால், வயர் எந்த வழியால் போகிறது என்று எல்லாம் படத்தில் இருக்கட்டும். கியர்பெட்டிக்கு மேலே உள்ள மூடியும் கழற்றும்படி இருக்க வேண்டும். மைனரில் அதைக் கழற்றாமல் கியர்பெட்டியில் கைவைக்க ஏலாது. இப்போது நான் அந்த மூடிக்குத் தனியாக ஒட்டி, தரைக்குத் தனியாக ஒட்டி, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன்.

2024 தையும் மாசியும் பிய்ப்பதிலேயே போனது. தார் வெயிலில் இளகும், கழற்ற நினைக்கும்போது மட்டும் விடாது. மத்தியானத்தில் தொட்டால் இழுபடும், காலையில் சுரண்டினால் துண்டு துண்டாக வெடிக்கும். விடிய ஐந்தரை மணிக்கு, தகடு குளிர்ந்திருக்கும்போது மேசன்மாரின் சுரண்டியால் தட்டித் தட்டி எடுப்பதுதான் சுகம் என்று நான்காம் நாள் கண்டுபிடித்தேன். மிச்சத்தை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தேன். பதினோரு காலை. பிய்த்ததை எல்லாம் ஒரு சாக்கில் போட்டு அரிசி ஆலைத் தராசில் வைத்தேன், ஈரத்தோடு 41 கிலோ. கார் முழுவதுமே ஏறக்குறைய 750 கிலோதான். ஒரு பெரிய பிள்ளையைச் சும்மா ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பிய்க்கிற வேலையில் ஒரு கவனம். எங்களுடையதைப் போன்ற பழைய கார்களில் சைலன்சர் பக்கத்திலும் எஞ்சின் பக்கத் தகட்டிலும் சாம்பல் நிறத்தில் நார்நாராக ஏதாவது அட்டை இருந்தால் அது அஸ்பெஸ்டஸ் ஆக இருக்கலாம். பழைய பிறேக் சப்பாத்துகளிலும் அது இருந்தது. காய்ந்தபடி சுரண்டித் தூசு கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து, தூசு வடிகட்டும் முகக்கவசம் போட்டு, ஒரு பையில் கட்டுங்கள்.

தரை இரண்டு இடத்தில் விரலால் குத்தினால் உடையும் நிலைக்கு வந்திருந்தது. ஒரு மாரி ஈரம், அவ்வளவுதான். வெட்டி வெல்டிங் பண்ண 42,000 ரூபா. தகடு தேடியபோது ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். இங்கிலாந்தில் ஓடும் மைனர்களுக்கே ஒரு காலத்தில் எங்கள் நாட்டில் தகடுகள் செய்து அனுப்பியிருக்கிறார்களாம். எனக்கு வேண்டிய நேரத்தில் ஒன்றும் அகப்படவில்லை, வெல்டிங் அண்ணை தட்டையான தகட்டை மடித்தே செய்து தந்தார்.

அந்த அண்ணைதான், "தம்பி, உந்தப் பக்கப் பெட்டிக்குள்ள ஸ்பிரே நுரை அடிச்சு விட்டா சத்தமே வராது" என்று யோசனை சொன்னவர். கதவுக்குக் கீழே உள்ள அந்தப் பெட்டித் தகடுதான் காரின் முதுகெலும்பு. மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, உடம்பே சேசிஸ். அதற்குள் நுரை அடித்தால் போகிற தண்ணீருக்கு வெளியேற வழியில்லை, உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியவரும்போது வேலை முடிந்திருக்கும். இந்த முறை நான் தலையாட்டவில்லை. வெள்ளை நுரை அட்டையை வெட்டி வைக்கச் சொன்னவர்களும் உண்டு. அது தீக்குச்சி பட்டால் எப்படி எரியும் என்று முற்றத்தில் கொளுத்திப் பாருங்கள், பிறகு சைலன்சருக்கு மேலே வைப்பதா என்று யோசிக்கலாம்.

இரண்டாம் முறை தொடங்க முன் ஒரு மாதம் ஒன்றும் ஒட்டவில்லை. சத்தம் எங்கால் வருகிறது என்று பார்த்தேன். முதலில் இதைச் செய்திருந்தால் பாதிச் செலவு மிச்சம். இருட்டியபின் மகளை ரோச்சோடு காருக்குள் இருத்தி, முன்மூடியைத் திறந்து எஞ்சின் பக்கத்தில் நின்றேன். அவள் காலடித் தகட்டுப் பக்கமாக ரோச்சைத் திருப்பத் திருப்ப, எஞ்சின் பக்கத்தில் ஒவ்வொன்றாக வெளிச்சப் புள்ளிகள் வந்தன. வயர் போகும் துளை, ஸ்பீடோமீற்றர் கேபிள் துளை, ஸ்ரேரிங் தண்டைச் சுற்றி ஒரு பிறை, யாரோ எப்போதோ வானொலிக்காகத் துளைத்து விட்ட இரண்டு. ஒன்பது எண்ணினோம். வெளிச்சம் போகும் வழியால் எஞ்சின் சத்தமும் சூடும் புகையும் வரும். அந்த ஒன்பதுக்கும் றப்பர் வளையமும் அடைப்பானும் போட 1,800 ரூபாதான் முடிந்தது. முதல் முயற்சியில் 54,000 செலவழித்து ஒட்டியதைவிட இது கூட வேலை செய்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

அடுத்தது தகடு. விரல் மொட்டால் தட்டிக்கொண்டே போங்கள். வளைவும் மடிப்பும் உள்ள இடம் 'டக்' என்கும், அதை விடுங்கள். தட்டையாக விரிந்த இடம் 'டொங்' என்று நீளும், அதுதான் கத்துகிற இடம். தவில் வாசிக்கும்போது தோலில் ஓர் உள்ளங்கையை வைத்தால் நாதம் அடங்கிவிடும் அல்லவா? தோல் முழுவதையும் மூட வேண்டியதில்லை. பியூட்டைல் தாள் செய்வது அதே வேலை. தட்டையான இடத்தின் நடுவில், கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மூடினால் போதும். அதற்கு மேல் ஒட்டுவது பாரமும் காசும்தான். நான் முதலில் ஓர் அங்குலம் விடாமல் ஒட்டியது சுத்த முட்டாள்தனம். இரண்டு மில்லிமீற்றர் தாள் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ வரும். இரண்டாம் முறை நான் பாவித்தது நான்கு சதுர மீற்றர், கிட்டத்தட்ட பன்னிரண்டு கிலோ. யாழ்தேவியில் கொழும்பு போய் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடி றப்பரும் கதவு றப்பரும் அங்கேயே, வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் அலைந்து எடுத்தேன். அவற்றுக்கு 34,000.

பியூட்டைல் அதிர்வை அடக்கும், அவ்வளவுதான். சூட்டை மறிக்காது. அலுமினியம் மினுங்குகிறது என்பதற்காகச் சூடு திரும்பிப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அந்த மினுக்கத்துக்குப் பயன். மேலே கார்ப்பட் அமுக்கிக் கிடந்தால் அது சும்மா ஒரு தாள். சூட்டுக்கு ஆறு மில்லிமீற்றர் மூடிய குமிழ் ஸ்பொஞ்ச். தரையில், எஞ்சின் பக்கத் தகட்டில், முக்கியமாக மேல்கூரையில். கூரைத்துணியைக் கழற்ற எல்லாரும் பயப்படுவார்கள், நானும் பயந்தேன். ஆனால் உச்சி வெயில் இறங்குவது அந்தத் தகட்டால்தான். துணியைத் தாங்கும் கம்பிகளுக்கு இலக்கம் எழுதி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். கூரைக்கு சாதாரணச் சப்பாத்துப் பசை கூடாது, சூட்டில் இளகி ஸ்பொஞ்ச் தலையில் விழும். சூடு தாங்கும் பசை என்று கேட்டு வாங்கி, கதவு நான்கையும் திறந்து வைத்துப் பூசுங்கள். நான் கதவு சாத்தி ஒருநாள் பூசிவிட்டு, பின்னேரம் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

ஒட்டுவதற்கு முன் செய்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். றப்பர்களை மாற்றி, வெறும் தகட்டோடு காரை முற்றத்தில் விட்டு, தண்ணீர்க் குழாயால் அரைமணி நேரம் அடித்தேன். உள்ளே பழைய கடதாசி விரித்து, எங்கே நனைகிறது என்று பார்த்தேன். வைப்பர் தண்டடியில் ஒரு துளி. அதைத் திருத்தி, மறுபடியும் அடித்து, கடதாசி காய்ந்தபடி இருந்த பிறகுதான் துருவுக்கு மருந்து, பிறகு பிறைமர், பிறகு பெயின்ற், ஒரு கிழமை காயவிட்டு தின்னரால் துடைத்து ஒட்டினேன். சூட்டுக் காற்று அடிக்கும் 'ஹீற் கண்' மெசின் வாங்க வேண்டாம். காரை வெயிலில் அரைமணி விட்டு, நிழலுக்குத் தள்ளி ஒட்டினால் தாள் பாசிபோலப் பிடிக்கும். றோலரால் அலுமினியத்தின் மேடு பள்ளம் மறையும்வரை அழுத்த வேண்டும். கையுறை போடுங்கள், அந்த அலுமினிய ஓரம் சவர அலகு போல வெட்டும். வயர் இணைப்புகளுக்குப் பக்கத்தில் ஓரத்தை மடிக்காமல் விடாதீர்கள், அது மின்சாரம் கடத்தும். காலடியில் தடிப்பு கூடினால் இன்னொரு சிக்கல். மைனரின் பிறேக், கிளச் மிதிகள் தரையில் இருந்தே எழும்புகின்றன. ஸ்பொஞ்சும் சணல் நார் விரிப்பும் கார்ப்பட்டும் சேர்ந்து அரை அங்குலம் தாண்டியபோது என் அக்சிலேற்றர் மிதி கார்ப்பட்டில் இடறி நின்றது. அங்கே மட்டும் ஸ்பொஞ்சை எடுத்துவிட்டேன். கார்ப்பட்டை எங்குமே ஒட்டவில்லை, பொத்தான் போட்டுப் பிடித்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி தூக்கி, மூடியைத் திறந்து, பிறேக் எண்ணெய் பார்க்கிறேன்.

அளந்தும் பார்த்தேன். போனில் உள்ள சத்தமானி சரியான எண் சொல்லாது. ஆனால் அதே போன், அதே கண்டி வீதித் துண்டு, அதே 60 என்றால் வித்தியாசத்தை நம்பலாம். வெறும் தகட்டில் 86 டெசிபல் காட்டியது. தார்த்தாள் காலத்தில் 84. இப்போது 78. அம்மா செருப்போடு இருக்கிறார். 2024 மாரி முழுக்க ஓடியும் கார்ப்பட் காய்ந்தபடிதான் கிடந்தது, நான் கிழமைக்கு ஒருமுறை கையை விட்டுப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று. இப்போது பின்னால் இருந்து, 50க்கும் 55க்கும் நடுவில், மெல்லிய ஊளை ஒன்று கேட்கிறது. பின் அச்சின் கிறவுண் பல்லுப் போய்விட்டதாக்கும் என்று பயந்து வவுனியாவுக்குக் கொண்டுபோனேன். கராச் பாஸ் ஏறி இருந்து, பூந்தோட்டம் வரை ஓடிப்பார்த்துவிட்டுச் சிரித்தார். "உது உங்கட அப்பா காலத்திலயும் கத்தினதுதான் தம்பி. நீங்கள் இப்பத்தான் கேக்கிறியள்." எண்ணெய் மட்டும் மாற்றினோம், 4,200 ரூபா. அதைக் கொப்பியில் எழுதவில்லை.